கதிர் அரிவாளைக் கீழே வைத்தது யார்?

வெண்ணாத்தங்கரை | 9 பிப்ரவரி 2025, இரவு 10:12

மன்னார்குடிக்குத் தெற்கே எங்களுக்கு ஒன்பது மா நிலம். ஏக்கர்க் கணக்கில் பழகியவர்களுக்கு மூன்று ஏக்கர். நான் சென்னையில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். அறுப்புக்கு மட்டும் ஊருக்குப் போவேன். போன வாரமும் போனேன்.

தை மழையில் பாதிப் பயிர் சாய்ந்து கிடந்தது. இரவு எட்டு மணிக்கு பெல்ட் வண்டி, அதாவது சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் அறுவடை மிஷின், வயலில் இறங்கியது, ஒன்றரைக்கு வேலை முடிந்து அடுத்த வயலுக்குப் போய்விட்டது. மணிக்கு 2,600 ரூபாய், ஐந்தரை மணி நேரம்.

நான் ஆறாவது படித்தபோது இதே நிலத்தில் முப்பது பேர் இறங்குவார்கள். அறுத்த கதிரைக் கைப்பிடி கைப்பிடியாக, அரி அரியாகப் போட்டு, காயவிட்டு, கட்டு கட்டி, தலைச்சுமையாகக் களத்துக்குக் கொண்டுவந்து, அடித்து, தூற்றி, பொலி அளந்து, கூலி நெல்லை வாங்கிக்கொண்டு போக நாலைந்து நாளாகும். அந்த நாலு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு அணையாது.

இந்தத் தடவை வயலில் இருந்தவர்கள் டிரைவர், அவருடைய கைப்பையன், நான், படுதா பிடிக்க வந்த பக்கத்து வீட்டுத் தம்பி. அவ்வளவுதான். எட்டு மணிக்கு முன்னாலேயே ஒரு ஆயா முறத்தோடு வரப்பில் நின்றுகொண்டிருந்தது. எங்கள் வயலில் நாற்பது வருஷம் அறுத்த கை. அம்மா அதைக் கூப்பிட்டு ஒரு மரக்கால் நெல் போட்டார். மடியில் வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் போனது.

அன்றிலிருந்து ஒரு கேள்வி குடைகிறது. வேலை போன இடத்தில் கூலி தானமாகி நிற்கிறது. வாங்குகிறவருக்கு அது எப்படி இருக்கும்? அரிவாளை அவர்கள் கையிலிருந்து பிடுங்கியது வண்டியா, நாமா, அல்லது அவர்களே கீழே வைத்துவிட்டார்களா?

---

தாளடி | 9 பிப்ரவரி, இரவு 10:51

தம்பி, நல்லா உருக்கமா எழுதியிருக்கீங்க. ஆனா ஆள் இருந்தா நாங்க ஏன் மிஷினைத் தேடிப் போறோம்? எனக்குப் பன்னெண்டு ஏக்கர். சாய்ஞ்ச பயிர் தண்ணியில கிடந்தா மூணாம் நாள் முளை கட்டிடும். முப்பது பேரை எங்க போய்த் தேடுறது? நூறு நாள் வேலைன்னு ஒண்ணைக் கொண்டாந்தாங்க, அதோட முடிஞ்சுது கதை. புளியமரத்தடியில உக்காந்து எந்திரிச்சா 319 ரூபா. வெயில்ல குனிஞ்சு அறுக்க எவ வருவா? உழைப்புன்னா என்னன்னே மறந்துபோச்சு ஜனங்களுக்கு.

---

பழைய வேளாண்மை | 9 பிப்ரவரி, இரவு 11:30

தாளடி அய்யாவுக்கு வணக்கம். முப்பது வருஷம் வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒரே ஒரு கால வரிசையை மட்டும் சொல்கிறேன்.

நூறு நாள் வேலை 2006 பிப்ரவரியில் தொடங்கியபோது தஞ்சை, திருவாரூர், நாகை மூன்று டெல்டா மாவட்டங்களில் நாகப்பட்டினம் மட்டும்தான் பட்டியலில் இருந்தது. தஞ்சாவூருக்கும் திருவாரூருக்கும் அது வந்தது 2007ல். நான் வேலை பார்த்த வட்டாரத்தில் முதல் அறுவடை வண்டியைப் பார்த்தது 1998ல். அப்போதே முன்பதிவு செய்ய ஆள் வரிசையில் நின்றார்கள். வண்டி முந்தியது, திட்டம் பிந்தியது. பிந்தி வந்ததைக் காரணம் என்று சொல்ல முடியாது. அது கூலியை ஏற்றியது, பேரம் பேச ஒரு தெம்பைக் கொடுத்தது. அதை ஒத்துக்கொள்கிறேன். வருஷத்தில் மீதி 265 நாள் என்று ஒன்று இருக்கிறதே, அதையும் நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும்.

புளியமரத்தடிக் கதையும் பழசு. 2023 ஜனவரியிலிருந்து வேலைக்கு வந்தவர்களை வேலை இடத்திலேயே நிற்கவைத்துக் கைப்பேசியில் படம் எடுத்து, நாளுக்கு இரண்டு தடவை ஏற்ற வேண்டும். நான் வேலை பார்த்த காலத்தில் அதிகாரிக்கு அப்படி எந்தப் பதிவும் கிடையாது என்பதை முன்னாள் அதிகாரியாகவே சொல்லிக்கொள்கிறேன். செய்த வேலைக்குக் கூலி 1,056 கோடி பாக்கி என்று போன மாதம்தான் முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். உட்கார்ந்து எழுந்தால் பணம் கொட்டுகிற இடம் அது இல்லை.

---

கூலிக்காரி மகள் | 10 பிப்ரவரி, காலை 6:05

இந்தப் பெயரை வேணும்னே வெச்சிருக்கேன். எங்க அம்மா, அப்பாயி, அவங்களுக்கு முந்தின தலைமுறை எல்லாரும் அறுத்தவங்க. நான் பள்ளிக்கூடத்துல பாடம் நடத்துறேன்.

வெண்ணாத்தங்கரை, உங்க பதிவை ரெண்டு தடவை படிச்சேன். உங்க அம்மா நெல் 'போட்டார்'. ஆயா 'போனது'. எழுதும்போது கை தானா போயிருக்கும், தப்பா எடுத்துக்கலை. ஆனா நீங்க கேட்ட கேள்விக்குப் பாதி பதில் அந்த ஒரு எழுத்துலயே இருக்கு.

அறுப்பு நாள்ல உங்க வீட்டு அடுப்பு அணையாம எரிஞ்சது உங்களுக்கு ஞாபகம் இருக்கு. எங்க அம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறது வேற. கருக்கரிவாள் கிழிச்ச இடது கை சுண்டு விரல். அறுப்பு முடிஞ்சு பத்து நாளைக்குச் சுணை எரிச்சல். கைப்பிள்ளையை வரப்புல தூளி கட்டிப் போட்டுட்டு, அது அழுதா, வேலை வாங்குற தலையாரி முகத்தைப் பார்த்துட்டுத்தான் நிமிரணும். பொலி அளக்கும்போது மரக்காலை எப்படிப் பிடிக்கிறாங்கன்னு கண் கொட்டாம பார்க்கணும். தலை தட்டி அளந்தா ஒரு அளவு, குவிச்சு அளந்தா ஒரு அளவு.

1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில 44 பேரை எரிச்சாங்க. அந்தச் சண்டையில கூலியா அரைப்படி நெல் கூடக் கேட்டதும் ஒண்ணு. 'உழைப்புன்னா என்னன்னு மறந்துபோச்சு'ன்னு எங்ககிட்ட யாரும் சொல்ல வேணாம்.

அரிவாளை யாரும் பிடுங்கலை. எங்க அம்மா தானா கீழ வெச்சாங்க. வெச்ச அன்னிக்குக் கோழி அடிச்சுக் குழம்பு வெச்சோம்.

இன்னொண்ணு கேக்கணும். அந்த ஆயா சும்மாதான் வந்து நின்னாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

---

தாளடி | 10 பிப்ரவரி, காலை 7:20

அம்மா, பழைய பாவத்தையெல்லாம் என் தலையில கட்டாதீங்க. எங்க அப்பா குத்தகைக்காரர். நிலம் எங்களுக்கு வந்ததே பின்னாடிதான்.

---

கூலிக்காரி மகள் | 10 பிப்ரவரி, காலை 7:31

உங்களைச் சொல்லலைங்க அய்யா. 'எவ வருவா'ன்னு எழுதினீங்களே, அதுக்குத்தான் சொன்னேன்.

---

பெல்ட்டு ஆத்தூர் | 10 பிப்ரவரி, பகல் 1:40

அண்ணே, அக்கா, எல்லாருக்கும் வணக்கம். வண்டி ஓட்டுறவன் ஒருத்தன் பேசலாமா. இப்ப நீடாமங்கலம் பக்கம் வயல்லதான் இருக்கேன். டீசல் வர லேட்டு, அதான் எழுதுறேன்.

எங்க ஆத்தூர், தலைவாசல் பக்கம் இருந்து தை மாசத்துல எத்தனை வண்டி இங்க இறங்குதுன்னு ரோட்ல லாரியில ஏத்திப் போறதைப் பார்த்தாலே தெரியும். இங்க முடிஞ்சா ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகான்னு நெல் எங்க பழுக்குதோ அங்க. வருசத்துல ஏழெட்டு மாசம் வீட்டுல இல்லை. என் பொண்ணு பொறந்ததை வீடியோவுலதான் பார்த்தேன்.

மிஷின் வந்து வேலை போச்சுன்னு சொல்றீங்க. மிஷின்லயும் வேலைதான் பாக்குறோம். பகல் பூரா தூசி, ராத்திரி பூரா பூச்சி. லைட்டைப் போட்டா அத்தனை பூச்சியும் மூஞ்சியிலதான். வண்டிக்கு அடியிலயே தூக்கம். எனக்கு மணிக்கணக்குல பேட்டா, வண்டி நின்னா பேட்டாவும் நிக்கும். முதலாளிக்கு வண்டி முப்பது லட்சத்தை நெருங்குது, மாசத் தவணை அவர் கழுத்துல. ஊருக்கு ஊர் ஏஜென்ட், அவருக்கு மணிக்கு ஒரு கமிசன். நீங்க குடுக்குற 2,600 எத்தனை கைக்குப் போவுதுன்னு யாரும் கேக்குறதில்ல.

எங்க அப்பா மரவள்ளிக் காட்டுல கூலி. என்னை 'ஆப்பரேட்டர்'னு கூப்பிடுறாங்க. நடுராத்திரி பெரிய வூட்டுக்காரர் தானே டீ வாங்கிட்டு வந்து 'சார், எங்க வயலை முதல்ல முடிச்சுக் குடுங்க'ன்னு நிப்பாரு. அந்த 'சார்'ல இருக்கிற சொகம் இருக்கே, பொய் சொல்லலை.

---

ரெண்டு சக்கரம் | 10 பிப்ரவரி, மாலை 4:15

எனக்கும் ஊர் திருவாரூர்ப் பக்கம்தான். இப்ப வேளச்சேரியில வண்டியில சாப்பாடு கொண்டு போய்க் குடுக்குறேன். டிப்ளமோ முடிச்சவன்.

எங்க தாத்தாவுக்குத் தலையாரி வந்து 'நாளைக்கு நடவு'ன்னு சொல்லிட்டுப் போவாராம். எனக்கு போன் சொல்லுது. ரெண்டு மூணு ஆர்டரைத் தள்ளினா அப்புறம் நல்ல ஆர்டர் வர்றது குறைஞ்ச மாதிரியே இருக்கும். நெசமா, என் மனப்பிராந்தியா, யாருகிட்டக் கேக்குறது? மிராசுதாருக்காவது மூஞ்சின்னு ஒண்ணு இருந்துச்சு.

---

கூலிக்காரி மகள் | 10 பிப்ரவரி, மாலை 4:40

மூஞ்சி தெரிஞ்சதுதான் தம்பி எங்க பிரச்சினையே.

---

ரெண்டு சக்கரம் | 10 பிப்ரவரி, மாலை 5:02

அக்கா சொல்றது புரியுது. ஊருக்குத் திரும்பி வந்து அறுப்பியான்னு கேட்டா நானும் மாட்டேன். சேத்துல இறங்குறவனுக்கு யாரும் பொண்ணு தர மாட்டாங்க. என் சித்தப்பா பையன் சிங்கப்பூர்ல கட்டட வேலை. அங்கயும் அதே வெயில், அதே சேறு. ஆனா அங்க சேறு மிதிச்சா சம்பளம், இங்க மிதிச்சா சாதி. அவன் அனுப்புற போட்டோல பூட்ஸ் போட்டிருப்பான், தலைக்கு மஞ்சள் தொப்பி. அதைப் பார்த்தே கல்யாணம் ஆயிடுச்சு.

---

தாளடி | 10 பிப்ரவரி, மாலை 5:30

நிலம் வெச்சிருக்கிறவன் பையனுக்கே பொண்ணு தர மாட்டேங்குறான் தம்பி. நாலு வருசமா அலையுறேன்.

---

நெறியாளர் | 10 பிப்ரவரி, இரவு 8:00

சாதிப் பெயர் சொல்லி எழுதப்பட்ட மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எழுதியவர்களுக்கு ஒரு வாரம் ஓய்வு. தாளடி அய்யா வீட்டுக்கு வரன் பார்ப்பதை வேறு இழையில் வைத்துக்கொள்ளலாம். :)

---

பழைய வேளாண்மை | 10 பிப்ரவரி, இரவு 9:25

பேச்சு மரியாதை, அவமரியாதை என்றே போகிறது, அதுவும் அவசியம்தான். ஆனால் வண்டி வந்ததால் வயலில் என்னென்ன மாறியது என்று யாரும் இன்னும் பேசவில்லை. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உளுந்து. சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தும் பச்சைப்பயறும் தெளிப்பது நம் வழக்கம். தனி உழவு கிடையாது, தனித் தண்ணீர் கிடையாது. மிச்ச ஈரத்திலும் பனியிலும் அது வளரும். கையால் அறுத்தால் முளைக்கு ஒன்றும் ஆகாது. பெல்ட் வண்டி ஏறினால் இரண்டிலை விட்ட முளை நசுங்கிப் போகும், ஈர மண் இறுகிவிடும். அதனாலேயே பலர் பயறு தெளிப்பதை விட்டுவிட்டார்கள். பயறு பறிக்கப் போனது யார்? பெண்கள். பெரும்பாலும் பங்குக்குப் பறிப்பார்கள். நெல் அறுப்பில் போன வேலையை எண்ணுகிறோம். அதோடு சேர்ந்து போன இந்த வேலையை எந்தக் கணக்கிலும் நான் பார்த்ததில்லை.

அடுத்தது அரசு நெல் கொள்முதல் நிலையம். முன்பு அறுப்பு ஒரு மாதம் இழுக்கும், நெல் களத்தில் காயும், வண்டி வண்டியாகப் போய்ச் சேரும். இப்போது ஒரு கிராமமே ஒரு வாரத்தில் அறுத்து முடிக்கிறது. ஈர நெல் நேராக நிலைய வாசலுக்கு வருகிறது. அங்கே அனுமதிக்கிற ஈரப்பதம் 17 விழுக்காடு. காயவைக்கக் களம் இல்லை, தார்ச்சாலைதான் களம். ஒவ்வொரு தையிலும் ஈரப்பதத் தளர்வு கேட்கிறோம், பார்க்க மத்தியக் குழு வருகிறது. அறுப்பை வேகப்படுத்தினோம், அதற்குப் பின்னால் இருக்கிற எதையும் வேகப்படுத்தவில்லை. அங்கே 40 கிலோ சிப்பத்தை இன்றும் மனுஷன் முதுகுதான் தூக்குகிறது.

வைக்கோலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும். அதைச் சுருட்டிக் கட்டவும் தனியாக ஒரு மிஷின் வந்துவிட்டது என்பதோடு நிறுத்துகிறேன்.

இன்னொரு செய்தி. 1969ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. வெண்மணிக்குப் பிறகு, அன்றைய கீழத்தஞ்சைக்காக. அதில் கூலி நெல்லாக எழுதப்பட்டது. நெல் கூலியில் ஒரு வசதி உண்டு, விலைவாசி ஏறினாலும் வயிற்றுக்கு அது அப்படியே இருக்கும். பணக்கூலிக்கு அது கிடையாது. ஆனால் பணத்தைப் பஸ்ஸுக்குக் கொடுக்கலாம், பீஸ் கட்டலாம். கூலிக்காரி மகள் படித்தது எந்தக் கூலியில் என்று கேட்டால் விடை தெரியும் என்று நினைக்கிறேன்.

---

கூலிக்காரி மகள் | 10 பிப்ரவரி, இரவு 10:10

பணக்கூலியிலதான் படிச்சேன், சரியாச் சொன்னீங்க சார். அப்பா திருப்பூர்ல சாயப்பட்டறையில இருந்தார், அம்மா இங்க நடவும் களையும்.

உளுந்து பத்தி நீங்க சொன்னது குத்திடுச்சு. அது எனக்கு ஞாபகத்துக்கே வரலை. உளுந்து பறிக்கிற மாசி பங்குனியில அம்மா கொஞ்சம் சிரிச்சு இருப்பாங்க. அதுல தலையாரி கிடையாது. நாலு பொம்பளைங்க சேர்ந்து தாங்களா பேசி முடிச்சு, விடியறதுக்குள்ள பனி ஈரத்துல பறிச்சு, கட்டிக் கொண்டாந்து வாசல்ல அடிப்பாங்க. பங்கு உளுந்து எங்க வீட்டு அடுக்குப் பானையில இருக்கும். அது போனதுக்கு நாங்க கோழி அடிக்கலை. போனதே தெரியலை.

இப்ப ஒரு நல்ல சேதியும் சொல்றேன். எங்க சித்தி மகள் சுய உதவிக் குழுவுல இருக்கா. பொம்பளைங்க குழுவுக்கு ட்ரோன் குடுக்குற மத்திய அரசோட ட்ரோன் தீதி திட்டத்துல பதினஞ்சு நாள் பயிற்சி முடிச்சு மருந்து தெளிக்கப் போறா. ஒரு ஏக்கர் பத்து நிமிசத்துக்குள்ள. பேட்டரி தீர்ந்துடும்னு ரெண்டு மூணு செட்டைத் தூக்கிட்டு ஆட்டோவுல சுத்துறா. போன மாசம் ஒரு பெரிய வீட்டு வயல்ல அடிச்சா. அவங்க அம்மாவை அந்த வீட்டுல 'ஏ'ன்னு கூப்பிட்டவங்க இவளை 'மேடம், இந்த மூலையிலயும் ஒரு தடவை விட்டுடுங்க'ன்னு கேட்டிருக்காங்க. அவ போன்ல சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா. ஏன்டி இவ்வளவு சிரிக்கிறேன்னு கேட்டேன். 'வரப்புல ஏறச் சொன்னாங்கக்கா, செருப்போட'ன்னா.

---

தாளடி | 11 பிப்ரவரி, காலை 6:45

மருந்துக்கு ட்ரோன் சரி. நடவுக்கு என்ன பண்றது? மிஷின் நடவுக்குப் பாய் நாத்தங்கால் போடணும், பதினஞ்சு பதினாறு நாள் நாத்தா இருக்கணும், வயல் கண்ணாடி மாதிரி மட்டமா இருக்கணும். எங்க பள்ளக்காலுக்கு அது ஆகாது. போன குறுவைக்கு மேற்கு வங்கத்துப் பையனுங்கதான் நட்டாங்க. ஏக்கருக்கு இவ்வளவுன்னு கான்ட்ராக்ட். கயிறு பிடிச்சு வரிசை தப்பாம, மத்தியானத்துக்குள்ள ரெண்டு ஏக்கர். குலவையும் இல்ல பாட்டும் இல்ல. ஆளுக்கொரு போன்ல ஏதோ வங்காளிப் பாட்டு ஓடுது.

அதுல ஒரு பையன்கிட்ட எங்க வீட்டுல சோறு போட்டுக் கேட்டேன், உங்க ஊர்ல நெல் இல்லையாடான்னு. இருக்காம். அவன் அப்பா நடுறாராம். அங்க கூலி கம்மி. அதோட, அங்க நட்டா பாக்குறவங்க பாப்பாங்கன்னான். இங்க அவனை யாருக்கும் தெரியாது. ரெண்டு சக்கரம் தம்பி சொன்ன சிங்கப்பூர்க் கதைதான். அவனுக்கு எங்க ஊருதான் சிங்கப்பூர்.

எவ வருவான்னு எழுதினதுக்கு மன்னிச்சுக்கணும் அம்மா. வாய் பழக்கம்.

---

வெண்ணாத்தங்கரை | 11 பிப்ரவரி, இரவு 9:50

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே இருந்தேன், எழுதத் தயக்கமாக இருந்தது. கூலிக்காரி மகள் முதல் பதிவின் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தீர்கள். நேற்று இரவு அம்மாவுக்குப் போன் போட்டேன்.

ஆயா சும்மா வந்து நிற்கவில்லை. நான் ஊருக்குப் போய் இறங்கியதே அன்று மாலை ஆறு மணிக்கு. அவர் காலையிலேயே வந்து மூலை அறுத்திருக்கிறார். வண்டி திரும்ப முடியாத நாலு மூலை, வரப்போரம், வண்டி இறங்குகிற வாய், கிணற்றைச் சுற்றி, எல்லாம் கருக்கரிவாளால். எங்கள் நிலம் ஏழு துண்டு. ஒவ்வொன்றுக்கும் மூலை உண்டு. எத்தனையோ வருஷமாக அவர்தான் அறுத்துக் கொடுக்கிறாராம். அறுத்த அரியை வண்டி வாயில் போடத்தான் இரவில் காத்துக்கொண்டு நின்றிருக்கிறார். அம்மா போட்ட மரக்கால் நெல் தானம் இல்லை. கூலி. அதோடு 150 ரூபாய்.

'தானம்'னு எங்கேயோ எழுதிட்டேம்மா என்றேன். 'நீ வயலுக்கு வந்தாத்தானேடா தெரியும்' என்றார் அம்மா.

அவர் என்று எழுதும்போது கை கொஞ்சம் தடுக்கிறது. ஆயாவை அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை. பழகிக்கொள்கிறேன்.

---

பெல்ட்டு ஆத்தூர் | 11 பிப்ரவரி, இரவு 11:35

அண்ணே, இதை முதல்லயே சொல்லியிருக்கணும் நான். மூலை அறுக்காத வயல்ல இறங்கவே எங்களுக்குக் கடுப்பு. முன்ன பின்ன ஓட்டி ஓட்டித் திருப்பணும், கதிர் பெல்ட்ல மிதிபடும், டீசல் போவும். மூலை சுத்தமா இருந்தா ஒரு துண்டுக்கு அஞ்சு நிமிசமாவது மிச்சம். ஏழு துண்டுன்னா நீங்களே பாத்துக்கங்க.

---

பழைய வேளாண்மை | 12 பிப்ரவரி, காலை 5:50

35 நிமிடம். மணிக்கு 2,600 என்றால் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. மிதிபடாமல் தப்பிய நெல் தனி.

---

வெண்ணாத்தங்கரை | 12 பிப்ரவரி, காலை 8:14

கணக்கு எழுதுகிறவன் நான். அதை நான் போட்டிருக்க வேண்டும்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். குறுவைக்கு என்ன கொடுக்கிறது என்று ஆயாவிடமே கேட்கச் சொன்னேன். கேட்டிருக்கிறார். ஆயா சொன்னது இவ்வளவுதான்: இந்தத் தடவை வண்டியைப் பகலில் வரச் சொல்ல வேண்டுமாம். ராத்திரியில் வரப்பில் நிற்கப் பாம்புக்குப் பயமாக இருக்கிறதாம். கூலியை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றாராம்.

ஆத்தூர்த் தம்பி, குறுவைக்கு உங்கள் வண்டி பகலில் கிடைக்குமா?

---

பெல்ட்டு ஆத்தூர் | 12 பிப்ரவரி, காலை 8:20

ஏஜென்ட்டைக் கேக்கணும்ணே. பகல்ல எல்லாரும் கேக்குறாங்க.